கழற்றி எடுத்துவர முடியாத மோட்டார்

கனடாவில் நான் இருக்கும் ஊரில், தோட்டமெல்லாம் பனி மூடிக் கிடக்கும்போது மனிதர்கள் திறந்தவெளியில் கழுத்தளவு வெந்நீரில் இறங்கி, தலையில் கம்பளிக் குல்லாயோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தொட்டிக்கு ஹாட் டப் என்று பெயர். அதன் பம்பு நின்றுபோனால் என்னை அனுப்புவார்கள். காட்டுப்பாக்கத்தில் மச்சான் ரஹீமோடு உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிக்கொண்டிருந்தவனை அல்லாஹ் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறான். எதற்கு என்று அவனுக்குத்தான் தெரியும்.

போன வாரம் ஒரு காலையில் ஹெலன் அம்மா வீட்டுக்குப் போனேன். அவருடைய கணவர் ராய்க்குப் பக்கவாதம். மூடிப்போன அவருடைய இடது கை வெந்நீருக்குள் இருந்தால் மட்டும்தான் கொஞ்சம் கொஞ்சமாக விரியுமாம். பம்பு உறுமிக்கொண்டிருந்தது, சுற்றவில்லை. அது சுற்றாவிட்டால் ஹீட்டரும் வேலை செய்யாது. தண்ணீர் ஆறி, குழாய்க்குள்ளேயே உறைந்து, குழாயைப் பிளந்துவிடும்.

பழக்கத்தில் முதலில் ஒரு மக் தண்ணீர் கேட்டேன். ஹெலன் அம்மா கண்ணாடித் தம்ளரில் ஐஸ் போட்டுக் குடிக்கக் கொண்டுவந்து நீட்டினார். நம் பக்கம் தண்ணீர் போர்வெல்லுக்குள் கீழே, மோட்டார் மேலே. என்ன கோளாறு என்றாலும் மூடியைத் திறந்து, காற்றுப் போக ஒரு மக் தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. இங்கே தொட்டி மேலே, பம்பு அதற்கும் கீழே. ஊற்றுவதற்கு மூடியே கிடையாது. இது எனக்குத் தெரியும், என் கைக்குத்தான் இன்னும் தெரியவில்லை. அவரிடம் விளக்கிச் சொல்ல இங்கிலீஷும் போதவில்லை. பிஸ்மி சொல்லிக் குடித்துவிட்டேன். பல்லெல்லாம் கூசியது.

கரண்டை நிறுத்திக் கெப்பாசிட்டரை மாற்றினேன். அப்போதும் உறுமல்தான். ஸ்க்ரூடிரைவரை மோட்டாரின் பின்பக்கம் வைத்துத் திருகினால் தண்டு அசைய மறுத்தது.

"சாயங்காலத்துக்குள் ஓடுமா?" என்று ஹெலன் அம்மா கேட்டார்.

"இன்ஷா அல்லாஹ்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்துபோய், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சக்கர நாற்காலியில் இருந்தவரிடம், "ராய், இன்று சாயங்காலம்!" என்று சத்தமாகச் சொன்னார். நான் அல்லாஹ்வின் கையில் விட்டதை அவர் என் வாக்காக எடுத்துக்கொண்டார். திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ரஹீமுக்கு வீடியோ கால் போட்டேன். அங்கே அப்போது இரவு ஆகியிருந்தது, கடையில்தான் இருந்தான். போனைப் பம்பின் பக்கம் திருப்பி, ஸ்விட்சைப் போட்டு அணைத்தேன்.

"இன்னா மச்சான், மாடு கத்துற மாதிரி கீது?"

"கெப்பாசிட்டர் மாத்திட்டேன்டா."

"அது இல்ல. கீழ பாரு, துரு வழிஞ்சிகீது. சீலு போயி, தண்ணி எறங்கி, பேரிங் புடிச்சிகினு கீது. கயட்டி எத்துனு வா, அர அவர்ல போட்டுத் தரேன்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அவனுக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த என் மனைவி ஜமீலாவின் குரல் பின்னால் கேட்டது.

"பொழைக்கப் போன எடத்துலயும் என் தம்பிகிட்டதான் வந்து நிக்கணுமா? நல்ல வித்தக்காரருதான் போ!"

சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. பூந்தமல்லி ரோட்டில் எந்தக் கடையிலும் தொங்கும் அந்தப் பேரிங் இந்த ஊரில் கைக்குக் கிடைப்பதில்லை. கம்பெனிக்குப் போன் செய்தேன். பம்பைத் திறக்கக் கூடாது, புதியதுதான் மாட்டவேண்டும், வர ஒரு வாரம் ஆகும், அதுவரை தண்ணீரை இறக்கிவிடு என்றார்கள்.

ஹெலன் அம்மாவிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. "ராயிடம் நீயே சொல்லிவிடு," என்று மட்டும் சொன்னார். தொட்டியில் மிச்சமிருந்த வெதுவெதுப்பை ஒரு வாளியில் மொண்டு உள்ளே கொண்டுபோய், ராயின் கையைப் பிடித்து அதில் வைத்தேன். யா அல்லாஹ், ஷிஃபா கொடு, குணமாக்கு என்று மனதுக்குள் கேட்டபடியே இருந்தேன். இரண்டு விரல் விரிந்தது. மூன்றாவது அசைந்தபோது தண்ணீர் ஆறிவிட்டது. விரிந்த விரல்களும் திரும்ப மூடிக்கொண்டன. ராய் என்னைப் பார்த்து ஒரு பக்க வாயால் "தேங்க் யூ" என்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வெளியே வந்து தொட்டியின் குழாயைத் திறந்துவிட்டேன். தண்ணீர் பனியில் ஆவி பறக்க ஓடியது. அப்போது ஜமீலா போனில் கூப்பிட்டாள்.

"ஊட்டுக்கு வந்துட்டேங்க. டேங்க் ரொம்புது, கேக்குதா? உங்களுக்குப் புடிக்குமேன்னு மோட்டாரு போட்டேன்."

கேட்டது. என் கையால் காயில் கட்டிய மோட்டார் காட்டுப்பாக்கத்து மாடியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. காதில் அது நிரம்ப நிரம்ப, நான் இறக்கிவிட்ட தண்ணீர் என் பூட்ஸைச் சுற்றி உறைந்துகொண்டிருந்தது. காலை எடுக்கப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டிருந்தது.