அறுபது பேரோடு உறவு

தையல்கார அக்காவுக்குச் சொத்து என்று இருந்தது ஒரு மிஷினும் சொந்தக்காரர்களும்தான். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமையானால் அவள் வாசலில் செருப்பு விட இடமிருக்காது. நாத்தனார், கொழுந்தன், அண்ணன் பிள்ளைகள், சித்தி மகள் என்று வீடே அமளிப்படும். அவர்களில் யாருக்குக் கல்யாணமானாலும் உடுப்பு இவள் கையால்தான்.

ஒரு நாள் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். ஜனங்களின் படுக்கையறைப் பழக்கங்களைப் பற்றிய ஆய்வாம். அதை வாய்விட்டுக் கேட்க அவளுக்குக் கூச்சம். அவளை அனுப்பியவர்களுக்கு அதைவிடக் கூச்சம். கேள்வியையே பூசி மெழுகிக் கொடுத்திருந்தார்கள். பெண் செல்போனை விட்டுத் தலை தூக்காமல் கேட்டாள்.

"வீட்டுக்காரர் தவிர வேற யாரோடயாவது உறவு உண்டா அக்கா?"

அக்கா குண்டூசிகளை உதட்டில் கவ்வியபடி மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். "இல்லாம?"

"அவர் போனப்புறமும்...?"

"அவர் போனா உறவு விட்டுப்போயிடுமா?"

"எத்தனை பேர் அக்கா?"

அக்கா மனசுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டுப் பெருமையாகச் சொன்னாள். "அறுபதுக்குக் குறையாது. ஒரு வார்த்தை சொன்னா ஓடி வந்து நிப்பாங்க!"

பெண்ணுக்குக் காது சிவந்துவிட்டது. பதிந்துகொண்டு நழுவினாள். எதிர்வீட்டு லாரி டிரைவர், போகிற ஊரெல்லாம் ஒரு வீடு வைத்திருக்கிற உத்தமர், மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "யாருமில்லை" என்றார். அதையும் பதிந்துகொண்டாள்.

பேப்பரில் வந்தது. அந்தத் தெருவின் பெயரைப் போட்டு, ஆண்கள் ஒழுக்கமானவர்களாம், பெண்கள்தான் சரியில்லையாம். கணவனை இழந்த தையல்காரப் பெண் ஒருவருக்கு அறுபது பேராம். படித்த கூட்டம் ஒன்று உட்கார்ந்து கூட்டி வகுத்து வெளியிட்ட கணக்கு இது. அறுபதைப் பார்த்து அதில் ஒருத்தருக்காவது உறுத்தியிருக்க வேண்டாமா? நினைத்தாலே வயிறு எரிகிறது.

அக்கா பேப்பரோடு ஆய்வு நடத்திய ஆபீசுக்குப் போனாள்.

"சார், நான் சொந்தக்காரங்களைத்தான் சொன்னேன்."

"உங்க பேரைப் போடலையேம்மா," என்றார் அதிகாரி. "இது வெறும் புள்ளிவிவரம்."

"எங்க தெருவுல தையல்காரி நான் ஒருத்திதானே சார்?"

"அறிக்கை மேலிடத்துக்குப் போயிடுச்சு. இனிமே கை வைக்க முடியாது."

முதலில் கொழுந்தன் வந்தான். மகள் கல்யாணத்துக்குத் தைத்த உடுப்பில் கொக்கி மட்டும்தான் பாக்கி. வாசலில் நின்றபடியே உடுப்பைக் கொக்கியில்லாமலே வாங்கிக்கொண்டான்.

"உங்களையெல்லாம்தானேப்பா சொன்னேன்!"

"நான் நம்பறேன் அண்ணி. சம்பந்தி வீடு நம்பணுமே. அச்சுல வந்துடுச்சே."

நாத்தனார் போனை எடுப்பதில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அந்த அறுபது பேரே தாங்கள்தான் என்று தெரிந்தும், வெளியே சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் அவள் செருப்பு மட்டும் கிடந்தது.

மறு வருஷம் அதே ஆய்வுக்கு வேறொருத்தி வந்தாள். அதே கேள்வி. அக்கா இந்தத் தடவை உதட்டிலிருந்த ஊசிகளை எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னாள்.

"யாருமில்லை. எந்த உறவைக் கேட்டாலும் அதையே போட்டுக்கங்க."