மாதா படம் மறைத்த ஆறு வரிகள்

என் மச்சான் ஹிப்போலித் மிர்கோவ்ஸ்கி மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவர். நாற்பது வருஷம் அதைத்தான் செய்தார். ஆனால் யாராவது என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் "நாங்க பிரபு வம்சம்" என்பார். கேட்டவர் சிரித்தால், சிரிப்பு அடங்கும்வரை பொறுமையாக நிற்பார். பிறகு, மாட்டு வேலை சும்மா பொழுதுபோவதற்கு என்று சேர்த்துக்கொள்வார்.

அவருடைய ஊர் மிர்கோவோவில் முப்பத்தோரு வீடு. அத்தனையும் பிரபு வீடு, அத்தனை பேருக்கும் மிர்கோவ்ஸ்கி என்ற ஒரே குடும்பப் பெயர். தபால்காரருக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: வாத்து, நாணல், ஆணி. மச்சான் ஆணிக் கிளை. ஒரு காலத்தில் போலந்து அரசனுக்காகக் குதிரை ஏறியவர்களாம். அதற்காக அரசன் கொடுத்த நிலத்தைப் பிள்ளைகளும் பேரன்களும் பங்கு போட்டுப் பங்கு போட்டு, மிர்கோவோ நாய் சொந்த நிலத்தில் உட்கார்ந்தால் வால் அடுத்தவன் நிலத்தில் கிடக்கும் என்று நாங்கள் கேலி பேசுகிற நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

நாங்கள் என்றால் ஓடைக்கு இந்தப் பக்கம், ஓல்ஷங்கா. நாங்கள் குடியானவர்கள். எங்கள் நிலம் அவர்கள் நிலத்தைப்போல் மூன்று மடங்கு, எங்கள் பசுக்கள் அதிகம் கறக்கும். அதனால் என்ன? முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நான் அவர் தங்கை லியோகாடியாவைக் கட்டியபோது, மச்சான் கல்யாணத்துக்குச் சாவு வீட்டுக்குப் போகிற கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்தார். எனக்கு வாலெந்தி என்று ஒரு பெயர் இருப்பது எங்களுக்கு இரண்டாவது குழந்தை பிறந்த பிறகுதான் அவருக்குத் தெரியவந்தது.

மனிதர் கெட்டவர் இல்லை. தோள்வரை ஏறும் ரப்பர் உறையைக் கழற்றி, சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவிவிட்டு, மாட்டுக்காரியின் கையை எடுத்து முறைப்படி முத்தம் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். உறைவிந்துக் குச்சியைக் குடுவையிலிருந்து எடுக்கும்போதே அந்தக் காளையின் நாலு தலைமுறையை ஒப்பிப்பார். அது முடிந்ததும் தன்னுடைய நாலு தலைமுறையைத் தொடங்குவார். பசு பாவம், இரண்டையும் கேட்டுக்கொண்டு நிற்கும்.

அந்த நாலு தலைமுறையின் உச்சியில் இருப்பவர் ஒனுஃப்ரி, மச்சானுடைய தாத்தாவின் தாத்தா. 1863-இல் போலந்துக்காரர்கள் நாங்கள், அப்போது எங்களை ஆண்ட ரஷ்யச் சக்கரவர்த்திக்கு எதிராகக் காட்டில் ஆள் சேர்த்துப் போராடித் தோற்றோம். நாங்கள் ஜெயித்ததைக்கூட மறந்துவிடுவோம், தோற்றதை மறக்க மாட்டோம். ஒவ்வொரு கல்லறைத் திருநாளிலும் மச்சான் ஒனுஃப்ரியின் கல்லறைமேல் விளக்கேற்றிவிட்டு ஒரு சொற்பொழிவு செய்வார். கஸ்பெர் என்ற தோழரை ரஷ்யக் குதிரைப்படைக் கொசாக்குகள் பிடித்து சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் எங்கே என்று ஒனுஃப்ரியைக் கேட்டார்கள். அவர் சொல்ல மறுத்தார். மாவு ஆலைக்குப் பக்கத்து மரத்தில் தொங்கவிட்டார்கள். இது அவர் கதை. எங்கள் ஊரில் கதை இன்னும் சின்னது: யார் தொங்கவிட்டார்கள் என்று தெரியாது, ஆனால் காலில் இருந்த பூட்ஸ் புதுசு. அதைக் கழற்றிக்கொண்டு வந்தது எங்கள் வீட்டு ஆள்தான் என்று என் அப்பா சொல்லியிருக்கிறார். லியோகாடியாவிடம் இதைப் பற்றி நான் இன்றுவரை மூச்சு விடவில்லை.

கலகத்தின் நூற்றைம்பதாவது ஆண்டுக்குத் தேவாலயத்து வாசலில் ஒரு கல் நட்டு, தியாகிகளின் பெயரைப் பொறிப்பது என்று ஒரு குழு அமைந்தது. தலைவி பெலாகியா, எண்பத்தொரு வயது, தபால் நிலையத்தில் ஓய்வு பெற்றவர். சைபீரியா போன கஸ்பெரின் தம்பி வழியில் வந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்தோரு வீட்டிலிருந்து நாற்பத்தேழு தியாகிகள் கிளம்பி வந்துவிட்டதால், காகிதம் இருந்தால்தான் பெயர் ஏறும் என்று குழு சொல்லிவிட்டது.

மச்சானுக்கு அதில் கவலையே இல்லை. வீட்டு நடுச் சுவரில் கண்ணாடி போட்டு ஒரு பத்திரம் தொங்கியது. சக்கரவர்த்தி காலத்தில், பிரபு வம்சம் என்று காகிதம் காட்டாதவனையெல்லாம் குடியானவர் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். எங்களோடு சேர்த்துவிடுவார்களே என்ற பயத்தில் மிர்கோவோக்காரர்கள் அலைந்து திரிந்து வாங்கிவைத்த காகிதங்கள் அவை. மச்சான் வீட்டுப் பத்திரத்தின் நடுவில் கைக்குட்டை அளவுக்கு ஒரு மாதா படம் வேறு ஒட்டியிருந்தது. நாலு தலைமுறை அதன் முன்னால் முழங்காலில் நின்று ஜெபித்திருக்கிறது.

அது ரஷ்ய மொழிப் பத்திரம். மச்சான் காலத்தில் பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி கட்டாயம். ஆனால் அவர் வீட்டில் அதைப் படிக்காமல் இருப்பதுதான் தேசபக்தி. ரஷ்ய மொழியில் அவர் ஃபெயிலான ஒவ்வொரு வருஷமும் அவர் அம்மா பாப்பி விதை கேக் சுட்டார். மனிதருக்கு அந்தக் கேக் மிகவும் பிடிக்கும். நானோ இருபது வருஷம் எல்லை தாண்டி மின்ஸ்க் நகரத்துக்கு மர லாரி ஓட்டியவன். எனக்கு ரஷ்ய மொழியில் படிக்கத் தெரியும், எழுதத் தெரியும், சுங்கச் சாவடியில் சண்டை போடவும் தெரியும்.

குழுவுக்கு நகல் எடுப்பதற்காக மச்சான் கண்ணாடியைக் கழற்றியிருக்கிறார். பசை காய்ந்துபோயிருந்த மாதா படம் கையோடு வந்துவிட்டது. அடியில் ஆறு வரி. அந்நிய ஆளிடம் காட்ட மனசில்லாமல் போர்வையில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அன்று லியோகாடியா சந்தைக்குப் போயிருந்தாள்.

நான் மூக்குக்கண்ணாடி போட்டுப் படித்தேன். மறுபடி படித்தேன்.

"என்ன மாப்ளே, எழுத்து தட்டுதா? லாரிக்காரனுக்கு ரோட்டு போர்டு மட்டும்தான் படிக்க வருமோ?"

"படிச்சிட்டேன் மச்சான். உக்காருங்க."

விதவை பெட்ரோனேலா மிர்கோவ்ஸ்கா கொடுத்த மனுவின்படி, அவள் கணவன் ஒனுஃப்ரி சக்கரவர்த்திக்கு விசுவாசமாக இருந்து, மார்ச் ஒன்பதாம் தேதி கஸ்பெர் என்ற கலகக்காரன் பதுங்கியிருந்த இடத்தை ராணுவத்துக்குத் தெரிவித்தான். அதற்காகப் பன்னிரண்டாம் தேதி கலகக்காரர்களால் தூக்கிலிடப்பட்டான். அந்த விசுவாசத்தைக் கருதி, விதவைக்கும் நாலு மகன்களுக்கும் பிரபுப் பட்டம் உறுதி செய்யப்படுகிறது, நிலமும் அவர்களிடமே விடப்படுகிறது.

முப்பத்தைந்து வருஷமாக நான் காத்துக்கொண்டிருந்த நாள் அது. பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்று வாழ்ந்த மனிதரிடம் இரண்டில் ஒன்றை வைத்துவிட்டுப் போ என்று அந்தக் காகிதம் சொல்லிவிட்டது. பிரபு என்றால் காட்டிக்கொடுத்தவனின் பேரன். தியாகியின் பேரன் என்றால் பத்திரம் செல்லாது, எங்களில் ஒருவன். மாதா படத்தை ஒட்டியவர் யாரோ, அவருக்கு மட்டும் ரஷ்ய மொழி நன்றாகத் தெரிந்திருக்கிறது. மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி விடாமல் அளந்து ஒட்டியிருந்தார். மச்சான் சட்டைப் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். எனக்குக் கஷ்டமாக இருந்தது.

குழுவுக்கு மொழிபெயர்ப்பு எழுதுவது நான்தானே, கொசாக்குகள் கொன்றதாக எழுதிவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். மனிதருக்கு வந்ததே கோபம். குடியானவன் புத்தி குறுக்கு வழியில்தான் போகும் என்று ஆரம்பித்தார். ஐந்து நிமிஷம் திட்டினார். வெளிறியிருந்த முகத்தில் கொஞ்சம் களை திரும்பியது, நானும் விட்டுவிட்டேன். பிறகு எனக்கு இன்னொன்று தோன்றியது.

"மச்சான், இது ஒனுஃப்ரி எழுதினது இல்ல. அவரு பொண்டாட்டி எழுதினது. புருஷன் செத்தாச்சு. நாலு புள்ளைங்க. கலகக்காரன் நிலத்தையெல்லாம் புடுங்கிட்டிருக்காங்க. சக்கரவர்த்திக்கு என்ன சொன்னா இனிக்குமோ அதைச் சொல்லியிருப்பா. யாரு வந்து இல்லைன்னு சொல்லப்போறா?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டாவது கிளாஸ் தேநீரில் பெட்ரோனேலா கெட்டிக்காரியானாள். மூன்றாவதில் ஒரு பேரரசையே ஏமாற்றிய வீராங்கனை ஆகிவிட்டாள். ஒனுஃப்ரி பழையபடி தியாகி, பத்திரமும் பழையபடி பத்திரம். அடுத்த கல்லறைத் திருநாளுக்கு ஒரு மணி நேரம் பேச விஷயம் கிடைத்துவிட்டது. ஒரே ஒரு சங்கடம், காகிதத்தில் கஸ்பெர் பெயர் இருக்கிறது. அதனால் குழுவுக்கு முன்னால் பெலாகியாவிடம் தனியாக விளக்கிவிடுவோம் என்றார். படித்துக் காட்ட நானும் வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து போனோம். மச்சான் முறைப்படி கை முத்தம் கொடுத்தார். பெலாகியா எங்களைச் சமையலறையில் உட்காரவைத்துக் கேக் வெட்டத் தொடங்கினார். எங்கள் வீட்டுக் காகிதத்தில் ஒனுஃப்ரியைப் பற்றி ஒரு விஷயம் இருக்கிறது அக்கா, கேட்டால் சிரிப்பீர்கள் என்று மச்சான் ஆரம்பித்தார்.

"அதுல கஸ்பெர் பேரு இருக்கா?" என்றார் பெலாகியா.

இருக்கிறது என்று மச்சான் தலையாட்டினார். பெலாகியா கத்தியைக் கீழே வைத்தார்.

"தம்பி, ஒனுஃப்ரியைக் கொசாக்கு தொங்கவிடல. அந்தக் கயிறு எங்க வீட்டுக் கயிறு."

கஸ்பெரின் தம்பிக்கு அப்போது இருபத்தைந்து வயது. அவர்தான் பெலாகியாவுடைய அப்பாவின் தாத்தா. அண்ணனைப் பிடித்துக்கொண்டு போன மூன்றாம் நாள், இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒனுஃப்ரியை ஆலைக்கு இழுத்துப் போனார். ஒனுஃப்ரி ராணுவ முகாம் பக்கம் நின்றதை யாரோ பார்த்தார்களாம். அவ்வளவுதான் சாட்சி. தொலைந்த குதிரையைத் தேடிப் போனேன் என்று கடைசிவரை சொன்னாராம் ஒனுஃப்ரி. அதற்குப் பிறகு அந்தத் தம்பி எழுபது வயதில் சாகும்வரை ஆலைப் பாதையில் நடக்கவில்லை. சாகும்போது மகனிடம் சொன்னார், மகன் பெலாகியாவின் அப்பாவிடம் சொன்னார், அப்பா பெலாகியாவிடம் சொன்னார். பெலாகியாவுக்குச் சொல்ல ஆள் இல்லை.

"வருஷா வருஷம் நீ கல்லறைகிட்ட நின்னு பேசுறப்ப நான் முன்னால வந்து நின்னுப்பேன். எங்களுக்கு அது தண்டனைன்னு நெனச்சுப்பேன். அவரு நிஜமாவே குதிரையத்தான் தேடிப் போனாரோ என்னவோ. யாருக்குத் தெரியும்?" அவர் மேஜைமேல் இருந்த பத்திரத்தைத் தொடாமல் பார்த்தார். "இதுல என்ன எழுதியிருக்கு? காட்டிக்கொடுத்தாரா, இல்லையா?"

மச்சானிடம் பேச்சு தயாராக இருந்தது. வரும் வழியெல்லாம் காரில் எனக்கு ஒத்திகை காட்டியிருந்தார். அது பெட்ரோனேலா சொன்ன பொய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒனுஃப்ரி பாவம் அறியாதவர், கொசாக்கு கையால் செத்ததைவிடப் பெரிய தியாகி. அந்தக் கிழவி மட்டும், நிரபராதியைக் கொன்ற கயிற்றோடு கல்லறைக்குப் போவார்.

மச்சான் தேநீர்க் கிளாஸைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"எழுதியிருக்கு அக்கா. அவருதான் சொல்லியிருக்காரு. தேதியெல்லாம் போட்டிருக்கு."

"நிச்சயமா?"

"முத்திரை இருக்கு. மாப்ளே, படிச்சுக் காட்டு."

படித்தேன். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வரியாக எங்கள் மொழியில் சொன்னேன். விதவையின் மனுவின்படி என்ற இடத்தை மட்டும் விழுங்கிவிட்டேன். மச்சான் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

பெலாகியா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு எழுந்து எங்கள் தட்டுகளில் பெரிய பெரிய துண்டாகக் கேக் வைத்தார். கல்லில் ஒனுஃப்ரி பெயரைப் பொறிக்க வேண்டாம் என்று மச்சான் சொன்னதும் சரி என்றார். கொஞ்சம் வேகமாகவே சரி என்றுவிட்டார் என்று எனக்குப் பட்டது. ஒரு பேச்சுக்காவது வேண்டாம் தம்பி, இருக்கட்டும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எண்பத்தொரு வயதில் இறங்கிய பாரத்தை யார் மறுபடி தூக்கிப் பார்ப்பார்கள்?

வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம். பின் இருக்கையில் பத்திரம் போர்வைக்குள் கிடந்தது. சாவியைத் திருகாமல் மச்சான் கண்ணாடி வழியாகத் தேவாலயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த மனிதரை முப்பத்தைந்து வருஷம் கேலி செய்தோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"மாப்ளே, அந்தப் பொம்பள பெட்ரோனேலா மனுவுல சொன்னது பொய்தானே? நீ ரஷ்ய மொழி தெரிஞ்சவன். நீ சொல்லு."

ரஷ்ய மொழி தெரிந்தால் இது எப்படித் தெரியும்? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

"பொய்தான் மச்சான்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.