ஐந்து ஊசிக்குத்து

இத்தாலியில், எங்கள் பார்மா ஊரில் விசில் என்றால் பாராட்டு என்று நினைத்துவிடாதீர்கள். ஓப்பரா அரங்கத்தின் உச்சிக் கேலரியில் உட்காரும் கசாப்புக்காரர்களும் ரொட்டிக்கடைக்காரர்களும், பாட்டு பிடிக்கவில்லை என்றால் விசிலடித்தே மானத்தை வாங்கிவிடுவார்கள். அந்தக் கும்பலுக்குத் தலைவர் ஒரெஸ்தே. அவர் வீட்டிலேயே நிவெஸ் என்று ஒரு உச்சக்குரல் பாடகி மகளாகப் பிறந்தது விதியின் குசும்புதான்.

ஒரெஸ்தேவுக்கு மூக்குதான் பிழைப்பு. உப்பிட்டுக் காயவைத்த பன்றித் தொடையில் குதிரை எலும்பு ஊசியைக் குத்தி, முகர்ந்து, நல்லதா கெட்டதா என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு தொடைக்கும் ஐந்து குத்து. ஐந்தாவது முடியும்வரை முதலாளியே கேட்டாலும் வாய் திறக்க மாட்டார். பாட்டு விஷயத்தில் மட்டும் மனுஷனுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

நிவெஸ் லேசுப்பட்டவள் இல்லை. ஜெர்மனியில் சின்னச் சின்ன ஊர்களின் ஓப்பராக்களில் இரண்டு வருஷம் வேலைக்காரி வேஷம் கட்டிப் பாடினாள். ஒரு நாள் கதாநாயகிக்குக் காய்ச்சல். அவளுடைய தொளதொள கவுனை ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு மேடையேறினாள் நிவெஸ். அதன் பிறகு அழைப்புகளுக்குக் குறைவில்லை. இருபத்தெட்டு வயதில் சொந்த ஊரில் முதல் தனிக்கச்சேரி வாய்த்தது.

கச்சேரிக்கு முந்தின நாள் மதியச் சாப்பாட்டிலேயே சண்டை தொடங்கிவிட்டது.

"கடைசிப் பாட்டு முடியறப்ப அந்த உச்ச சுரத்தைப் பிடிப்பேல்ல?" என்றார் ஒரெஸ்தே.

"மாட்டேன்பா. எழுதினவரு அங்க மெதுவா முடின்னுதான் போட்டிருக்காரு. அது பின்னாடி வந்தவங்க கைதட்டலுக்காகச் சேர்த்த சுரம்."

"அதுக்குத்தானே கேலரிக்காரன் டிக்கெட் வாங்குறான்! பிடிக்கலேன்னா விசிலடிப்பேன். மகள்னு பார்க்க மாட்டேன்."

"அடிச்சுக்கோ. வாய் உன்னுது, தொண்டை என்னுது."

சொல்லிவிட்டாளே தவிர, அவர் விசிலடித்தால் கேலரி முழுக்கக் கிளம்பிவிடும் என்று அவளுக்குத் தெரியும். பெற்ற அப்பனே விசிலடித்தவள் என்ற பேர் ஒட்டிக்கொண்டால் எந்த அரங்கம் கூப்பிடும்? அதைவிட, பாட்டின் அந்த மெதுவான முடிவு அவருக்குப் பிடிக்க வேண்டும் என்று மனசார ஆசைப்பட்டாள்.

ஞாயிறு பிற்பகல். ஏழு பாட்டுக்குக் கைதட்டல் பலமாக இருந்தது. எட்டாவதை அவள் நினைத்தபடியே, குரலை இழை இழையாக மெலிதாக்கி முடித்தாள்.

விசில் வந்தது. சின்ன வயதில் தெருவில் விளையாடியவளைச் சாப்பிடக் கூப்பிட்ட அதே விசில். கூடவே இன்னும் இரண்டு விசில்கள் சேர்ந்துகொண்டன. பியானோக்காரர் புத்தகத்தை மூடப் போனார்.

"மூடாதீங்க," என்று சொல்லிவிட்டு மேடை விளிம்புக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள் நிவெஸ்.

"அப்பா! ஒரே குத்துல தொடையைத் தள்ளிடுவியா நீ?"

அரங்கமே சிரித்தது. ஒரெஸ்தேவின் காது சிவந்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, அதே பாட்டை முதலிலிருந்து பாடினாள். உச்ச சுரத்தை இப்போதும் தொடவில்லை. முடிவை முன்னைவிட மெதுவாக, அவசரமே இல்லாமல் கொண்டுபோனாள். கடைசி சுரம் கரைந்தபோது ஒருவரும் இருமவில்லை.

கேலரியில் ஒரெஸ்தே எழுந்து நின்றார்.

"இன்னும் மூணு குத்து பாக்கி இருக்கு. பாடு!"