லிஃப்டில் அடித்த நாற்றம்

எங்கள் ஆபீஸ் இருக்கும் கட்டடம் வேலூரிலேயே உயரமானது என்று அதைக் கட்டியவர்கள் பீற்றிக்கொள்வார்கள். கீழே துணிக்கடைகள், நடுவில் ஆபீஸ்கள், மேல்மாடிகள் முழுக்க ஹோட்டல். லிஃப்ட் மட்டும் எல்லோருக்கும் பொது. வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

லிஃப்டில் தோல் கம்பெனி நாற்றம் அடிக்கிறது என்று ஹோட்டலில் தங்குபவர்கள் புகார் சொன்னார்களாம். அந்தக் கட்டடத்தில் தோல் வியாபாரம் செய்வது நாங்கள் மட்டும்தான். அதிலும் காலையில் ஆம்பூருக்குப் போய்த் தோலைப் புரட்டிப் பார்த்துத் தரம் பிரித்துவிட்டு, மதியம் ஆபீஸுக்கு வருபவள் நான் ஒருத்திதான். முதலாளி கூப்பிட்டு, "இன்னொரு தபா கம்ப்ளெயின்ட் வந்தா நீ ஆம்பூர்லயே உக்காந்துக்கம்மா," என்றார். அங்கேயே உட்கார்ந்தால் இருட்டித்தான் வேலூரில் வீடு வந்து சேர முடியும். பள்ளி விட்டு வரும் என் மகள் பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்க வேண்டியதுதான்.

இதில் கொடுமை என்னவென்றால், என்மேல் நாற்றம் அடிக்கிறதா என்று எனக்கே தெரியாது. அந்த நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்த மூக்கு இது. லிஃப்டில் ஏறினால் தோளை மோந்து பார்த்துக்கொள்வது என் பழைய வழக்கம்; ஒன்றும் தெரியாது. ரயில் நான் பிறந்த ஆம்பூர் பக்கம் வரும்போது வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையை எடுப்பார்கள். நாங்கள் அப்போதுதான் டிபன் பொட்டலத்தைப் பிரிப்போம். ஆகவே அடுத்தவர் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். யார் தும்மினாலும் சந்தேகம், யார் மூக்கைச் சொறிந்தாலும் சந்தேகம். சென்ட் அடித்துக்கொண்டு போகலாமென்றால், எதையோ மறைக்கிறாள் என்பார்களே என்று அதற்கும் பயம்.

எல்லோரையும்விட ஹோட்டல் ரிசப்ஷன் பெண்மேல்தான் எனக்கு ஆத்திரம். நான் லிஃப்டில் ஏறியதும் மாஸ்க்கை இழுத்து மூடிக்கொண்டு மூலையில் ஒட்டிக்கொள்வாள். சீமையில் பிறந்தவள் மாதிரி என்ன பவிசு! போட்டுக் கொடுத்தது இவள்தான் என்று மனசு அடித்துச் சொன்னது.

ஒருநாள் லிஃப்டில் நாங்கள் இருவர் மட்டும். கேட்டேவிட்டேன். "இன்னாம்மா, என் மேல நாத்தம்னு மேல போய்ச் சொன்னது நீதானே?"

அவள் மாஸ்க்கை இறக்கினாள். "நான்தான்க்கா."

"அவ்ளோ நாத்தமா அடிச்சிது உனக்கு?"

"எனக்கு எங்கக்கா தெரியும்? எனக்கும் ஆம்பூர்தான். அப்பாவுக்கு தோல் கம்பெனில தோல் ஊறவெக்கிற சுண்ணாம்புத் தொட்டில வேலை. என் யூனிஃபார்ம் அவரு துணியோடதான் காயுது. இங்க வேலூர்னு சொல்லி வெச்சிருக்கேன். உங்களை ஆம்பூர் பஸ்ல பாத்திருக்கேன்க்கா, முகம் தெரிஞ்சிடுமேன்னுதான் மாஸ்க். நீங்க வேற மோந்து மோந்து பாத்தீங்களா... என்னைக் கண்டுபுடிச்சிட்டீங்கன்னு, தங்க வந்தவங்க சொன்னதா மேல சொல்லி நான் முந்திக்கிட்டேன்."

அடிப்பாவி! நான் மோந்து பார்த்தது என்னையல்லவா!

லிஃப்ட் நின்றது. ஏற வந்த ஒரு வடநாட்டு அம்மாள் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அப்படியே பின்வாங்கினாள். கதவு மூடிக்கொண்டது. எங்கள் இருவரில் யாருக்காகப் பொத்தினாள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

அந்த அம்மாள் புகார் கொடுத்தாள் போலிருக்கிறது, அடுத்த வாரமே என்னை ஆம்பூருக்குத் தள்ளிவிட்டார்கள். மகள் பக்கத்து வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தப் பெண்ணை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு போனேன்.

பிறகு ஆபீஸில் என் நம்பரை வாங்கி அவளே போன் செய்தாள். "அக்கா, நீங்க போயும் லிஃப்ட்ல நாத்தம் போவலியாம். இப்ப எல்லாரும் என்னையே பாக்கறாங்க." அழுதாள்.

நல்லா வேணும் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "யூனிஃபார்மை உங்க வீட்ல காயப்போடாத. வேலூர்ல எங்க வீட்ல வெச்சிக்க. காலைல வந்து மாத்திக்கினு போ," என்று வந்துவிட்டது.

போனை வைத்த பிறகுதான் சுருக்கென்றது. என் வீட்டுக்காரருக்கும் தோல் கம்பெனியில்தான் வேலை. மகளைக் கூப்பிட்டு, "வீட்ல ஏதாச்சும் நாத்தம் அடிக்குதாடி?" என்றேன். அவள் நன்றாக இழுத்து மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லியேம்மா," என்றாள். அவளுக்கும் எங்கள் மூக்குதான்.