கம்பு முளைத் தட்டை நீட்டிய கை

பேய், ஆவி, அருள்வாக்கு எதையும் நான் நம்பியதில்லை. கண்ணால் பார்த்ததையே இரண்டு முறை சரிபார்க்கிற பழக்கம் எனக்கு. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எண்பதுகளின் நடுவில் பயிர் ஆராய்ச்சி செய்துவந்த கோமதி மேடத்திடம் ஆராய்ச்சி உதவியாளராக இருந்தேன். ராயகிரிப் பக்கம் அன்னத்தாய் என்று வெள்ளாமை செய்கிற ஒரு சம்சாரி அக்கா, தன் கம்புக் காட்டில் சில கதிர்கள் மகரந்தமே விடவில்லை என்பதை எங்களுக்கு முன்பே கவனித்து, அந்தக் கதிர்களில் பக்கத்துச் செடிகளின் மகரந்தத்தால் பிடித்த விதையைத் தனி முடிச்சாகக் கட்டி வைத்திருந்தார். இந்தக் குணம் தாய்ச்செடி வழியாகவே வருகிறது என்பது மேடத்தின் எண்ணம். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று உண்டு, அது தாயிடமிருந்து மட்டுமே வரும், அதற்கென்று தனி டிஎன்ஏ உண்டு. அதைப் பிரித்தெடுத்துப் பார்க்க வேண்டும்.

முளைகள் பச்சையானால் பச்சையம் இருக்கும் பசுங்கணிகத்தின் டிஎன்ஏவும் கலந்துவிடும். அதனால் சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடத்துக்குப் பின்னால் அறை எடுத்து, கறுப்புத் துணி கட்டி, இருட்டிலேயே இரண்டு தட்டுகளில் வளர்த்தோம். ஒன்றில் அக்காவின் விதை, மற்றதில் சாதாரணக் கம்பு.

அறுக்க வேண்டிய நாள், மத்தியானம். அறுத்த முளைகளை வைக்க மேடம் வாசலில் உட்கார்ந்து ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்த் தடவினால், தட்டுகளில் நான் ஒட்டிய அடையாளச் சீட்டுகள் ஈரத்தில் கூழாகிக் கிடந்தன. தண்ணீர் விடும்போது தட்டுகளை இடம் மாற்றியிருந்தேன், எது எதென்று தெரியவில்லை. முடிச்சில் ஒரு விதைகூட மிச்சமில்லை. ஏதோ ஒரு தட்டைத் தூக்கினேன். அந்த நேரம் கரண்ட் போய், தறிச் சத்தம் மொத்தமாக நின்றது.

"அது இல்ல தாயி. இந்தா, இதான்."

காதருகே ஒரு பெண் குரல். காய்ப்பேறிய கையொன்று இன்னொரு தட்டை என் கையில் வைத்தது. அன்னத்தாய் அக்காதான் என்று நினைத்து, "எப்ப வந்தீங்க அக்கா?" என்றேன்.  அந்தத் தட்டைத் தனியாக வைத்து, அதில் ஒரு பிடி அறுத்துக்கொண்டு வெளியே வந்து, அக்கா எங்கே என்று மேடத்திடம் கேட்டேன்.

"எந்த அக்கா? உன்னத் தவிர ஒருத்தரும் உள்ள போகலியே."

இருப்பது ஒரே வாசல். அழுதுகொண்டே சீட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மேடம் திட்டவில்லை. "ரெண்டையும் பிரிச்சுப் பாப்போம். ஒவ்வொண்ணுலயும் அஞ்சு முளைய வேரோட எடுத்து வை. பூத்தா தெரிஞ்சிரும்" என்றார்.

அன்றே ஜீப்பில் மதுரை ஆய்வுக்கூடம். மேடம் முளைகளைக் குளிரக் குளிர அரைத்து, துணியில் வடிகட்டி, இயந்திரத்தில் சுழற்றி, மறுபடி சுழற்றி, கடைசியில் குழாயின் அடியில் நகக்கீறல் அளவுக்கு வெள்ளையாக அந்த டிஎன்ஏவை எடுத்துக் காட்டினார். அப்படி நிதானமான கைகளை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அதைத் துண்டுகளாக வெட்டி ஜெல்லில் ஓட்டியபோது, ஊதா விளக்கின் கீழ் இரண்டு தட்டுக்கும் பட்டைகள் வேறு வேறாக விழுந்தன. தொட்டியில் நட்டவை பூத்தபோது, எனக்கு நீட்டப்பட்ட தட்டின் செடிகளில் ஒரு துளி மகரந்தம் இல்லை.

அந்தப் பட்டைகளின் படத்தை எடுத்துக்கொண்டு ராயகிரி போனோம். தட்டு விஷயத்தை நாங்கள் வாயே திறக்கவில்லை. மேடம் விளக்கியதைக் கேட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு அக்கா, "அப்போ நான் குடுத்தது சரிதான்" என்றார். "எதைச் சொல்றீங்க அக்கா?" என்றேன்.

"அன்னைக்கு மத்தியானம் களை எடுத்துக்கிட்டு இருந்தேன், கண்ண இருட்டிக்கிட்டு வந்துச்சு. கையில ஈரமா ஒரு தட்டு. எங்க கம்புன்னு தொட்டதுமே தெரிஞ்சிட்டு. உன் கையில வச்சேன். வெயிலுக்கு வந்த மயக்கம்னுல்லா நெனச்சேன்."

தொட்டதும் கம்பை அறிகிற அந்தக் கையை வியப்பதா, நடந்ததற்குப் பயப்படுவதா என்று தெரியாமல், "'அது இல்ல தாயி. இந்தா, இதான்'னு சொன்னீங்களே அக்கா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

"நான் எங்க பேசுனேன்? உன் பக்கத்துல நின்ன பொம்பளயில்லா சொன்னா."