ஜெனிற்றா மிஸ்ஸின் பக்கத்துப் பிறேக்

குருநகர் ஜெனிற்றாவுக்கு ‘ப’வில் தொடங்கும் சொற்கள்தான் அதிகம் திக்கும். மூடிய உதடு திறக்க மறுக்கும். பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடும்போது ‘பிரசன்ட்’ சொல்ல வராமல் கையை உயர்த்துவாள். உயர்தரம் முடித்ததும் வீட்டில் எல்லோரும் வாய் தேவைப்படாத வேலைகளாகவே அவளுக்குத் தேடினார்கள். கடைசியில் ஒரு இரும்புக்கடையின் பின்னறையில் கணினியில் பில் அடிக்கும் வேலை கிடைத்தது. நாள் முழுக்க ஒருவரும் அவளோடு கதைப்பதில்லை. தாய் சிசிலியாவுக்கு அது பெரிய நிம்மதி. ஜெனிற்றாவுக்கோ கதைக்கப் பிடிக்கும்.

வாகனம் ஓட்டவும் பிடிக்கும். தகப்பன் மீன் ஏற்றும் பட்டா லொறியில் பழகியவள் அவள். நகரத்துச் சாரதிப் பயிற்சி நிலையம் ஒன்றில் பெண்களுக்குப் பழக்க ஒரு பெண் தேவை என்று அறிந்து போய்க் கேட்டாள். உரிமையாளர் அடைக்கலநாதன் அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

“குறை நினையாதை பிள்ளை. நீ பிறேக் எண்டு சொல்லி முடிக்கேக்கை கார் மதிலுக்கை நிக்கும்.”

“என்ரை ப... பக்கமும் ஒரு பிறேக் இருக்குத்தானே அண்ணை. காலுக்குத் திக்காது.”

அவர் சிரித்துவிட்டார். பயிற்றுநர் பரீட்சையில் தேறியதும் வேலை கொடுத்தார்.

தொடக்கம் லேசாக இருக்கவில்லை. முதல் வாரமே பழக வந்த ஒருத்தி வேறு ஆள் வேண்டும் என்று கேட்டு மாறிப்போனாள். அன்று வீட்டில் ஜெனிற்றா சாப்பிடவில்லை.

“கடைக்கே திரும்பிப் போவன் பிள்ளை,” என்றார் சிசிலியா.

“ஒருத்தரோடையும் கதைக்காமல் இருக்க என்னாலை ஏலாதம்மா.”

பிறகுதான் உரும்பிராயிலிருந்து உதயகலா வந்தார். தோட்டத்து மரக்கறியைத் தானே சந்தைக்கு ஏற்றிப்போக ஆசை. முன்பு பழக்கியவர்கள் போட்ட சத்தத்தில் பயந்து இடையில் விட்டவர். ஒரு காலை மருதனார்மடச் சந்தி நடுவில் கார் நின்றுவிட்டது. பின்னால் பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது.

“நான் இறங்கப்போறன் மிஸ்,” என்றார் உதயகலா. கை கதவுப் பிடிக்குப் போனது.

‘பதறாதையுங்கோ’ என்று சொல்லத் தொடங்கிய ஜெனிற்றாவின் உதடு பூட்டிக்கொண்டது. அவள் வேறு சொல்லுக்குத் தாவவில்லை. உதயகலாவைப் பார்த்தபடியே அந்தச் சொல்லைச் சொல்லி முடித்தாள். அதற்காகக் காத்திருந்த உதயகலா பஸ்ஸை மறந்துபோனார். கிளச்சை மிதித்து, திறப்பைத் திருப்பினார். கார் நகர்ந்தது.

சந்தியைத் தாண்டியதும் உதயகலா கேட்டார்: “உந்தப் பஸ்காரனாலை உங்களை அவசரப்படுத்த ஏலாது, என்ன மிஸ்?”

“அவன் அடிக்கட்டும் அக்கா. நான் சொல்ல வந்ததைச் சொல்லாமல் விடமாட்டன்.”

உதயகலா சாரதிப் பரீட்சையில் முதல் தடவையிலேயே தேறினார். பயந்த தன் சொந்தக்காரிகளை ஒவ்வொருவராக அனுப்பினார். புதிதாக வருகிறவர்களிடம் ஜெனிற்றா முதலிலேயே சொல்லிவிடுவாள்: “எனக்குத் திக்கும். நீங்கள் முந்திச் சொல்லை முடிச்சுத் தர வேண்டாம்.” தொலைபேசியில் மட்டும் இன்னும் சிலர் பாதியில் வைத்துவிடுகிறார்கள். அவள் திரும்ப எடுப்பாள்.

இப்போது சிசிலியாவும் மகளிடம் கார் ஓட்டப் பழகுகிறார். வளைவில் சிக்னல் போட மறந்துவிட்டு மகளோடு வாதாடுவார். ஊரெல்லாம் புகழும் ஜெனிற்றா மிஸ்ஸின் பொறுமை அவரிடம் மட்டும் போதவில்லை.