பனியாற்றுக்கு டச்சிங் செய்த அப்துல் பாய்

தேரடி வீதியில் ஸ்டூடியோ வைத்திருந்த அப்துல் பாய்க்கு, படத்தில் ஒரு கரும்புள்ளியைக் கண்டால் கை சும்மா இராது. அம்மைத் தழும்போ மருவோ, கூரான பென்சிலால் நெகடிவில் தொட்டுத் தொட்டு மறைத்துவிட்டுத்தான் பிரிண்ட் போடுவார். தொழிலில் அதற்கு டச்சிங் என்று பெயர். திருவண்ணாமலையில் பாதிக் கல்யாணங்கள் அந்தப் பென்சில் புண்ணியத்தில் நடந்தவை என்று நான் சத்தியமே செய்வேன்.

1998இல் கல்லூரி ஆசிரியர் ராமகிருஷ்ணன் இரண்டு பெரிய நெகடிவ்களோடு வந்தார். இமயமலையில் மெல்ல நகரும் பனியாறு ஒன்றைப் பழைய செயற்கைக்கோள் மூன்று வருட இடைவெளியில் எடுத்த படங்கள். வெளிநாட்டிலிருந்து வந்துசேரவே எட்டு மாதம் ஆகியிருந்தது. அவருடைய ஆராய்ச்சிப் பட்டம் மொத்தமும் அவற்றை நம்பித்தான் இருந்தது.

"பளிச்சுனு போட்டுக் குடுங்க பாய்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் பிரிண்டைப் பார்த்ததும் மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாய், இதுமேல இருந்த புள்ளியெல்லாம் எங்க?"

"மூஞ்சி பூரா அழுக்காட்டம் இருந்துச்சு சார். ரெண்டுலயும் எடுத்துட்டேன்" என்றார் பாய், பெருமையாக.

"அய்யோ, அதெல்லாம் ஐஸ்மேல கெடக்குற பாறைங்க! அது எவ்ளோ நகந்துச்சுனு பாத்துதான் பனியாத்தையே அளக்கணும்."

ஒருவருடைய படிப்பையே கெடுத்துவிட்டோமே என்று பாய் வெட்கத்தில் குன்றிப்போனார். பிஸ்மில்லா சொல்லி, டர்பன்டைனில் நனைத்த பஞ்சால் பென்சில் தடத்தைத் துடைக்கத் தொடங்கினார். கை கொஞ்சம் அழுந்தினாலும் படமே உரிந்துவிடும். ராமகிருஷ்ணன் பக்கத்திலேயே நின்றார். ஒன்று, இரண்டு என்று ஒவ்வொரு நெகடிவிலும் நாற்பத்துமூன்று கற்களும் மெல்லத் திரும்பி வந்தன.

புது பிரிண்ட்களை அருகருகே வைத்தபோது அடுத்த சிக்கல். எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி. இதில் இருக்கும் கல் அதில் எது? ராமகிருஷ்ணன் லென்ஸை வைத்துக்கொண்டு விழித்தார். பாய் வெறுங்கண்ணால் பார்த்தே விரலை வைத்தார்.

"இதான் சார் அது. பக்கத்துல ரெண்டு சின்னது ஒட்டிக்கினு இருக்கு பாருங்க."

நகராத மலைமுகட்டிலிருந்து இரண்டு படத்திலும் அளந்தார்கள். ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம். படத்தின் அளவுகோல்படி தரையில் அது நூற்றிருபத்தைந்து மீட்டர். அடுத்த கல்லும் கிட்டத்தட்ட அதே அளவு சொன்னது. ராமகிருஷ்ணனுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"எப்பிடி பாய் கரெக்டா சொல்றீங்க?"

அப்துல் பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒவ்வொண்ணா மூடுனவன் நான்தானே சார். எனக்கு அடையாளம் தெரியாதா?"